பத்து வருசத்துக்குள்ள ஒரு மூணு வருசம்

அந்த முன் சீட்டு வேண்டாம்மா. இங்க வாங்க, எம் பக்கத்துல இடம் கெடக்கு. பையை மடியிலயே வச்சுக்கோங்க, மேல வைக்காதீக. யாரு எடுக்கப் போறான்னு நினைப்பீக. எடுக்கிறவன் சொல்லிட்டா எடுப்பான்?

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஐகோர்ட்டுக்கு. ஏன் அப்படிப் பாக்குறீக, நான் ஒண்ணும் கொலைக் கேசு இல்லை. சட்டம் படிக்கிற பொண்ணு ஒருத்தி அங்க வரச் சொல்லியிருக்கா, அவளைப் பாக்கப் போறேன். வீட்டுல சொல்லலை. லைனிங் துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நான் தையல்காரி, துணி எடுக்க மதுரைக்குப் போறது வழக்கந்தான். அவுகளும் ஒண்ணும் கேக்கலை. எங்க வீட்டுக்காரவுக எதையுமே கேக்கிறதில்லை. அதுதான் எனக்கு இடிக்குது.

நீங்க எங்க ஊரு இல்லையே? கல்யாணத்துக்கு வந்துட்டுத் திரும்பிப் போறீகளா. அப்பச் சரி. ஊர்க்காரவுக கிட்ட நான் இதையெல்லாம் பேசுறதே இல்லை. நாம ஒண்ணு சொன்னா அவுக ஒம்பதாக்கிருவாக.

இந்தப் பைக்குள்ள இருக்கிறது தீர்ப்பு. கோர்ட்டுத் தீர்ப்பு. எடுத்துக் காட்டுவேன், ஆனா கண்டக்டர் பார்த்துக்கிட்டு இருக்கான், அப்புறம் பாப்போம். வாயாலயே சொல்றேன்.

எம் பேரு முத்துப்பேச்சி. அவுக பேரு பால்ச்சாமி. மினி பஸ் டிரைவர். டிரைவரா இருந்தாக. எங்க ஊரு சந்தைக்குள்ள நீங்க வந்து பாத்திருக்கணும், ஒரு பக்கம் வெங்காய மூட்டை, ஒரு பக்கம் ஆடு, நடுவுல சைக்கிளைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பான் ஒருத்தன். அதுக்குள்ள ஊசியில நூலைக் கோக்கிற மாதிரி வண்டியக் கொண்டு போவாக. ஒரு கோழிக் குஞ்சைக் கூட ஏத்துனதில்லை. நல்ல மனுசன்தான். நான் இல்லைங்கலை. நல்ல மனுசன்னா சந்தேகப்படக் கூடாதுன்னு இருக்கா என்ன? எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டுல கண்ணு நாலு பக்கம் போகும். எனக்கு இருக்கிறது ஒரு ஆளு. கண்ணு அவுக மேலதான நிக்கும்?

அந்த மினி பஸ்ல எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்துல ஒத்தச் சீட்டு ஒண்ணு இருக்கும். டிரைவரப் பாத்த மாதிரி. காலையில முத நடையில அதுல ஒருத்தி உட்கார்ந்து வருவா. அனுசியான்னு பேரு. டவுனுக்குள்ள ரத்தம் பரிசோதிக்கிற லேபுல வேலை. கல்யாணம் ஆகாதவ. வண்டி புறப்படுற எடத்துலயே ஏறுறவளாம், மொத ஆளா ஏறுறதால அந்தச் சீட்டு கிடைக்குதாம். பின்னால அம்புட்டுச் சீட்டு காலியாக் கெடக்கும்போது அது எதுக்கு?

ஒருநாள் நானும் அந்த வண்டியில போனேன். சும்மா இல்லை, பாக்கணும்னுதான் போனேன். கூட்டத்துக்குள்ள பின்னால நின்னுக்கிட்டேன், அவுகளுக்குத் தெரியாது. அவ என்னமோ சொல்றா, இவுக சிரிக்கிறாக. கண்ணாடியில தெரியுது சிரிப்பு. என்கூட அப்படிச் சிரிச்சு எத்தனை காலமாச்சு! வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என்ன அப்படிச் சிரிப்புன்னு.

"லேப்புக்கு ஒரு பெரியவர் வந்தாராம் பேச்சி. ஊசியப் பாத்ததும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடியே போயிட்டாராம்"னாக. சொல்லிட்டு மறுபடியும் சிரிக்கிறாக.

அதுக்கா அம்புட்டுச் சிரிப்பு? நீங்களே சொல்லுங்க, அதுல சிரிக்க என்ன இருக்கு?

அன்னைக்கு வீட்டுல சண்டை. நல்ல சண்டை. அவுக சத்தம் போடமாட்டாக. தட்டைக் கழுவி வச்சுட்டுப் படுத்துட்டாக. தப்பு இல்லாத மனுசன் எதுத்துப் பேசுவான்ல? பேசலை.

செண்பகம்னு ஒருத்தி என்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுப்பா. அவ தம்பி காளிராஜன், வெல்டிங் பட்டறையில இருந்தான். அந்த வாரம் ஜாக்கெட் வாங்க வந்தவ, தம்பிக்குப் பொண்ணு பாத்தாச்சுக்கா, அந்த லேபுல வேலை பாக்குற அனுசியாதான்னு சொன்னா. முடிஞ்ச மாதிரிதான் சொன்னா. அந்தப் புள்ளை வேண்டாம்னு சொல்லிட்டதும், இவன் விடாம பின்னாலயே அலைஞ்சதும் எனக்கு எப்படித் தெரியும்? நான் நல்லதுக்குத்தான் ஒரு வார்த்தை சொன்னேன். "உங்க வீட்டுக்கு வரப்போற புள்ளைய முன் சீட்டுல உட்கார வேண்டாம்னு சொல்லி வையி. என் புருசனோட சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு வாரா, பாக்கிறவுக நாலு விதமா பேசுவாக"ன்னேன். பொம்பளைக்குப் பொம்பளை சொல்றதுதான. அவ பக்குவமா கண்டிச்சு வைப்பான்னு நெனைச்சேன். அவ மூஞ்சியே மாறிப்போச்சு. ஜாக்கெட்டைப் போட்டுக்கூடப் பாக்கலை, சுருட்டிக்கிட்டுப் போயிட்டா.

ரெண்டு மூணு நாள் இருக்கும். காலையில நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன். அவுக வண்டிக் கண்டக்டர் மாரிக்கனி ஓடி வாரான், சட்டையெல்லாம் ரத்தம். அவனுக்குத்தான் அடின்னு நெனைச்சு "அய்யய்யோ உனக்கு என்னடா"ன்னு கேட்டேன். "எனக்கு இல்லக்கா"ன்னான்.

நடந்தது இதுதான். மெயின் ரோட்டுல இருந்து பிரியுற விலக்குல வண்டி நின்னிருக்கு. காளிராஜன் ஏறியிருக்கான், கையில சாக்குல சுத்துன அருவா. வெல்டிங் சாமான்னு நெனைச்சிருக்கான் மாரிக்கனி. வண்டி நகந்ததும் நேரா முன்னால போயி அந்தப் புள்ளை தோள்ல ஒரு வெட்டு. அவ கையைத் தூக்கியிருக்கா, முழங்கையில இன்னொண்ணு. வண்டிக்குள்ள அத்தனை ஆம்பளை இருந்தான்மா. அத்தனை பேரும் படியில விழுந்தடிச்சு இறங்கிட்டான். இவுக மட்டும் பிரேக்கைப் போட்டுட்டு, சீட்டுல இருந்து எந்திரிச்சு ரெண்டு பேருக்கும் நடுவுல போயிருக்காக. மூணாவது வெட்டு அவுக மூஞ்சியில. இந்தா, இந்த நெத்திப்பொட்டுல இருந்து கண்ணு வழியா தாடை வரைக்கும். அப்பவும் விடலையாம். அருவாளையே கையால பிடிச்சிருக்காக. வலது கையில விரல் போச்சு. அவனைக் கண்ணாடியோட சேத்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காக, மாரிக்கனி வந்து கட்டுற வரைக்கும்.

பெரியாஸ்பத்திரியில போயி பாத்தேன். நாலு நாள் மூஞ்சி முழுக்கக் கட்டு. வாய் மட்டும் தெரியுது. "பேச்சியா?"ன்னாக. நான் பக்கத்துல போயி நிக்கத்தான் செஞ்சேன், வாயத் தெறக்கலை, எப்படித் தெரிஞ்சுச்சோ. "வண்டியில மத்தவுகளுக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டாக. மத்தவுகன்னா யாரு? எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ஆனா அந்தக் கோலத்துல என்னத்தக் கேக்க? கால்மாட்டுல உட்கார்ந்து அழுதேன். எம் பங்குக்கு நான் ஒரு குறையும் வைக்கலம்மா. கஞ்சி ஊத்துனேன், பீ மூத்திரம் எடுத்தேன். இன்னைக்கும் சவரம் நாந்தான் பண்ணிவிடுறேன், அந்தத் தழும்பு மேல பிளேடு போனா அவுகளுக்குத் தெரியாது, உணர்ச்சி இல்லை. நானே பாத்து ஒதுக்கி ஒதுக்கிப் போடணும்.

வெட்டு நடந்த மறுநாளே பேப்பர்ல போட்டிருந்தான். பெருசா, 'ஓடும் பஸ்சில் இளம்பெண்ணுக்கு அரிவாள் வெட்டு'. அவ போட்டோ. கடைசியில பொடி எழுத்துல, 'தடுக்க முயன்ற டிரைவரும் காயமடைந்தார்'. ஒரு கண்ணு போயிருக்கு, விரல் போயிருக்கு, சோறு போடுற லைசென்ஸு போயிருக்கு. அதுக்குப் பேரு 'டிரைவரும் காயம்'.

அவளைப் பாக்க யார் யாரோ வந்தாக. மாதர் சங்கத்துல இருந்து வந்தாக, பெரிய அதிகாரி அம்மா வந்து தலையைத் தடவிக் குடுத்தாக. இவுகளைப் பாக்க யாரு வந்தா? போலீஸ்காரர் வந்தார். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்ட முதல் கேள்வியே, "அந்தப் பொண்ணுக்கும் உமக்கும் எத்தனை நாளாப் பழக்கம்?" அந்தப் பக்கம் வார்டுல அவகிட்ட, "பயப்படாதம்மா, எல்லாம் பாத்துக்கிறோம்"னாராம். பாருங்க. வெட்டு வாங்குனது ரெண்டு பேரு. ஒரே அருவா, ஒரே ஆளு. பொம்பளைக்கு 'பயப்படாத', ஆம்பளைக்கு 'நீ என்ன பண்ணின'.

என்ன அநியாயம்மா இது? என் புருசனைப் போயி சந்தேகப்பட இவுக யாரு?

கேசு இழுத்து இழுத்து ஒரு வழியா விசாரணைக்கு வந்துச்சு. மொதல்ல அவ சாட்சி. கூண்டுல நிக்க முடியலைன்னு நாற்காலி போடச் சொன்னாரு ஜட்ஜய்யா, தண்ணி குடுக்கச் சொன்னாரு. அவ வலது கையைத் தூக்க முடியலை, இடது கையால தண்ணி குடிச்சா. பாவந்தான், நான் இல்லைங்கலை.

அடுத்தது இவுக. இவுகளுக்கு நாற்காலி இல்லை. காளிராஜனை அங்க எதிரின்னுதான் சொல்றாக, எதிரியோட வக்கீலு நல்லா சிவப்பா, உயரமா, சிரிச்ச மூஞ்சி. சிரிச்சுக்கிட்டே குத்துறாரு.

"அந்த முன் சீட்டை அந்தப் பொண்ணுக்குன்னே வச்சிருந்தீரா?"

"இல்லைங்கய்யா. மொத ஏறுறவுக உட்காருவாக."

"வண்டியில இருந்த அத்தனை பேரும் இறங்கி ஓடியிருக்காங்க. நீர் மட்டும் ஏன் நடுவுல போனீர்? அந்தப் பொண்ணு மேல என்ன அப்படி அக்கறை?"

அவுக ஜட்ஜய்யா பக்கம் திரும்புனாக. அப்புறம், "வண்டி என் கையில இருந்துச்சுங்கய்யா. வண்டிக்குள்ள நடந்தா நாந்தான எந்திரிக்கணும்"னாக.

நல்ல பதில்தான். ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ளயும் இருந்ததுதான். அத்தனை பேரு ஓடுனாக. இவுக ஏன் ஓடலை? நான் வீட்டுல இருக்கேன்னு ஒரு நிமிசம் நெனைச்சிருந்தா ஓடியிருப்பாகளா மாட்டாகளா?

அதுக்கப்புறம் என்னையக் கூப்பிட்டாக. ஆஸ்பத்திரியில வச்சு நான் போலீசுக்கு வாக்குமூலம் குடுத்திருந்தேன், அதனால நானும் சாட்சி. சர்க்கார் வக்கீலு ரெண்டு கேள்வி கேட்டு உட்கார்ந்துட்டாரு. சிரிச்ச மூஞ்சிக்காரர் எந்திரிச்சாரு.

"அம்மா, உங்களுக்கு உங்க புருசன் மேல சந்தேகம் இருந்துச்சா?"

"எந்தப் பொண்டாட்டிக்கு இல்லை?"ன்னேன். கோர்ட்டுல இருந்தவுக சிரிச்சாக.

"இந்தச் சம்பவத்துக்கு முன்னாடி அனுசியாவை வச்சு உங்க வீட்டுல சண்டை நடந்ததா?"

"நடந்துச்சு."

"எதிரியோட அக்கா செண்பகத்துக்கிட்ட, அனுசியா உங்க புருசனோட சிரிச்சுப் பேசிக்கிட்டு வர்றாள்னு நீங்களே சொன்னீங்களா?"

செண்பகம் பின்னால பெஞ்சுல உட்கார்ந்திருக்கா, என்னையே பாத்துக்கிட்டு. இல்லைன்னு எப்படிச் சொல்ல? கடவுள் மேல சத்தியம் பண்ணிட்டு ஏறியிருக்கேன். "ஆமா, சொன்னேன். உள்ளதைச் சொன்னேன். தப்பா?"ன்னேன்.

"தப்பே இல்லம்மா. ரொம்ப நன்றி"ன்னுட்டு உட்கார்ந்துட்டாரு. சர்க்கார் வக்கீலு கண்ணாடியக் கழட்டி மூஞ்சியத் துடைச்சாரு. என்ன வேர்வையோ. அந்தக் கோர்ட்டுல மனசுல உள்ளதை அப்படியே சொன்ன ஒரே ஆளு நாந்தாம்மா. மத்தவுக எல்லாரும் எழுதி வச்சுப் படிச்ச மாதிரி பேசினாக.

வெளிய வந்ததும் அவுக என்னையப் பாக்கலை. பெட்டிக்கடையில ஒரு கலரு சோடா வாங்கி, அந்த விரலில்லாத கையால பாட்டிலை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்து குடுத்தாக. "வெயிலா இருக்கு, குடி பேச்சி"ன்னாக. அம்புட்டுத்தான். ஏன் அப்படிச் சொன்னன்னு ஒரு வார்த்தை? கிடையாது. இன்னைய வரைக்கும் கிடையாது. மடியில கனமில்லாதவன் கேட்டிருப்பான்ல? பொண்டாட்டி கூண்டுல ஏறி இப்படிச் சொல்லிட்டாளேன்னு நாலு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். கலரு வாங்கிக் குடுத்தா என்ன அர்த்தம்?

தீர்ப்பன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் போனோம். அனுசியாவை வெட்டுனதுக்கு, கொலை பண்ணப் பாத்த குத்தம்னு, பத்து வருசம். பெண்ணுங்கிறவ யாரோட சொத்தும் இல்லை, வேண்டாம்னு சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, ஒரு குத்தமும் செய்யாத அபலை, சமுதாயத்துக்கு இது பாடமா இருக்கணும்னு பக்கம் பக்கமா எழுதியிருந்தாரு ஜட்ஜய்யா. நல்லாத்தான் இருந்துச்சு. அவ அழுதா.

அப்புறம் இவுகளை வெட்டுனதுக்கு வந்தாரு. ஆயுதத்தால காயம் உண்டாக்குன குத்தம், மூணு வருசம். ஏன்னா, 'இரண்டாவது காயம்பட்டவருக்கும் அப்பெண்ணுக்கும் இடையே பழக்கம் இருப்பதாக எதிரி நம்புவதற்குக் காரணம் இருந்தது. இரண்டாவது காயம்பட்டவரின் மனைவியே அதைச் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். அவர் குறுக்கே வந்ததும் எதிரி திடீர் ஆத்திரத்துக்கு உள்ளானது தெரிகிறது.' எனக்கு மனப்பாடம். தினமும் படிக்கிறேன்ல.

அப்புறம் கடைசி வரி. ரெண்டு தண்டனையையும் ஏககாலத்தில் அனுபவிக்கணும்னு. எனக்கு விளங்கலை. வெளிய வந்து சர்க்கார் வக்கீலைக் கேட்டேன், "அய்யா, பத்தும் மூணும் பதிமூணா?"

"இல்லம்மா. ரெண்டும் ஒண்ணா ஓடும். மூணு, பத்துக்குள்ளயே அடங்கிரும்."

"அப்ப எங்க வீட்டுக்காரவுகளுக்காக அவன் எத்தனை நாள் கூடுதலா உள்ள இருப்பான்?"

அவரு ஃபைலைக் கக்கத்துல வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பாத்தாரு. "கூடுதலான்னா... இல்லம்மா."

ஒரு நாள் கூட இல்லை. புரியுதாம்மா? அவுக வண்டியில இல்லாமலே இருந்திருந்தாலும் அவனுக்கு அதே பத்துதான். அவுக கண்ணுக்கு, கைக்கு, ஒரு நாள் கிடையாது.

இன்னொண்ணு சொல்றேன், இதை வக்கீலு யாருமே யோசிக்கலை. அவ ஒரு குத்தமும் செய்யாத அபலையாம். இவுக மட்டும் அவகூடப் பழகுனவுகளாம். அது எப்படி? ஒத்தக் கை தட்டினா ஓசை வருமா? ரெண்டும் ஒரே தீர்ப்புல எழுதியிருக்கு. அவ அபலைன்னா இவுகளும் நல்லவுக. இவுக கெட்டவுகன்னா அவளும்... நான் எந்தப் பக்கம்னு கேக்குறீகளா? நான் ஒரு பக்கமும் முடிவு பண்ணலை. பாத்துக்கிட்டே இருக்கேன்.

தீர்ப்புக்கப்புறம் ஒரு தடவை அவ எங்க வீட்டுக்கு வந்தா. அம்மாகாரி கூட. வாசல்லயே நின்னுக்கிட்டு, "அண்ணே, நான் உசுரோட நிக்கிறது உங்களாலதான். உங்களுக்கு இப்படி எழுதிட்டாகளேண்ணே. அப்பீல் போடுங்க, எங்க வேணாலும் வந்து சொல்றேன்"னா. அண்ணன்னு கூப்பிட்டா அண்ணனாயிருமா? ஊர்ல யாரு யாரை அண்ணன்னு கூப்பிடலை? இவுக "நீ நல்லா இரும்மா, அது போதும்"னாக. கொஞ்ச நாள்ல கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கயோ போயிட்டாளாம். அந்தக் கையால ஊசி போட முடியாதுன்னு லேபுல நிப்பாட்டிட்டாகளாம். வந்த மாப்பிள்ளையெல்லாம் இந்தக் கதையக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாகளாம். ஊருக்குள்ள ஏதேதோ பேசினாகளாம். நான் கேக்குறேன், தப்பு இல்லைன்னா ஏன் ஊரை விட்டுப் போகணும்?

காரியாபட்டி வந்துருச்சு. தண்ணி வேணுமா? சன்னல் வழியா வாங்காதீக, பாட்டிலை என்னத்துல நிரப்புறானோ. என்கிட்ட இருக்கு, குடிங்க.

இப்ப நான் பாக்கப்போற பொண்ணு இருக்கால்ல, நஸ்ரின்னு பேரு. போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தா. ஒரு ஆம்பளையும் பொம்பளையும் ஒரே மாதிரி அடிபட்டா தண்டனை ஒரே மாதிரி விழுதான்னு, தீர்ப்பா எடுத்து வச்சு ஆராய்ச்சி பண்றாளாம். எங்க தீர்ப்பைப் படிச்சுட்டுத் தேடிக்கிட்டு வந்திருக்கா. இதுக்கெல்லாமா படிப்பு இருக்கும்னு எனக்கு நம்பிக்கையில்லை. அனுசியா அனுப்பிச்ச ஆளோன்னு நெனைச்சேன். காலேஜ் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். போட்டோ ஒத்துப்போச்சு, பெறகுதான் உட்காரச் சொன்னேன்.

"இது நம்ம ஊர்லதானா இப்படி?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா. அமெரிக்காவுல இதைக் கணக்கெடுத்தே பாத்திருக்காங்க. செத்தது பொம்பளைன்னா, அதுலயும் வெள்ளைக்காரப் பொம்பளைன்னா, தண்டனை கூடுதலா விழுறது தெரிஞ்சிருக்கு"ன்னா.

"அப்பப் பொம்பளைக்குத்தான் எல்லா எடத்துலயும் நியாயம் கெடைக்குதுன்னு சொல்லு."

"அப்படியும் இல்லம்மா. புருசன் பொண்டாட்டிய வெட்டினா, அவ நடத்தை சரியில்லை, அவன் ஆத்திரத்துல செஞ்சுட்டான்னு தண்டனையக் குறைச்ச தீர்ப்பும் நான் நிறையப் பாத்திருக்கேன். அடிபட்டது பொம்பளைன்னா, இவ நல்லவளான்னு பாப்பாங்க. நல்லவன்னு தோணினா கூடும், இல்லைன்னா குறையும். அடிபட்டது ஆம்பளைன்னா, இவன் என்ன பண்ணினான்னு பாப்பாங்க. வெட்டினவனை விட்டுட்டு வெட்டுப்பட்டவங்களையே எடை போடுறாங்கம்மா. அதுதான் தப்பு."

"ஆமா, தப்புத்தான். அடுத்தவுக நடத்தையப் பேச இவுக யாரு?"ன்னேன். அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. தீர்ப்பை முழுசாப் படிச்சவளாச்சே, நாம சொல்றது சரிதான்னு அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் அவுக சாப்பாட்டுக்கு வந்தாக. இப்ப பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா உட்கார்ந்திருக்காக, முதலாளி பாத்துக் குடுத்த வேலை. எந்த வண்டி எப்பக் கிளம்புதுன்னு பாத்துச் சத்தம் குடுக்கிறது. மத்தவன் ஓட்டுற வண்டிய நாளெல்லாம் ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கிறது. அவுகளும் நஸ்ரினும் முன் ரூம்புல பேசினாக. நான் டீப் போட உள்ள போனேன். உள்ள போனாலும் காது வெளியதான இருக்கும்.

நஸ்ரின் எடுத்துச் சொல்றா. "சார், சின்னக் குற்றமா மாத்தித் தண்டனை குடுத்திருக்காங்கன்னு நீங்களே அப்பீல் போகலாம். அடிபட்டவருக்கு அந்த உரிமை இருக்கு. எங்க சீனியர் வக்கீல் பணம் வாங்காம நடத்தித் தர்றேன்னு சொல்றாரு. உங்க கையெழுத்து மட்டும் போதும்."

டீ கொதிச்சுப் பொங்குது, நான் இறக்கலை.

"அப்பீல் போட்டா, அவ கூண்டுல ஏறிச் சொன்னதையெல்லாம் மறுபடியும் எடுத்து வாசிப்பாகளாம்மா?"ன்னு கேட்டாக.

"வாசிப்பாங்க சார். தீர்ப்பே அதை வச்சுத்தான எழுதியிருக்கு. முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. அதை உடைச்சாத்தான் நம்ம பக்கம் நிக்கும்."

"அப்ப வேண்டாம்மா."

"சார், உங்க கண்ணு போயிருக்கு. ஒரு நாள் தண்டனை கூட..."

"கண்ணு போனது போனதுதான். மறுபடியும் பேப்பர்ல வரும். ஊரு அவளைத்தான் சொல்லும், உன்னாலதான் அந்த மனுசன் இப்படி ஆனான்னு. இப்ப அவளுக்கு அது தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா. இருக்கிற காலம் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும், விடுங்க."

கேட்டீகளா? அப்படியே சொன்னாகம்மா. ஒரு எழுத்து நான் கூட்டலை. தம்ளரை எடுத்துக்கிட்டு வெளிய வாரேன், அந்த நஸ்ரின் திரும்பி என்னையவே பாக்குறா. கண்ணு கலங்கியிருக்கு. படிச்ச புள்ளை, அவளுக்கே விளங்கிப்போச்சு, என் புருசன் யாரை மனசுல வச்சுப் பேசுறாகன்னு. இவுக என் கையில இருந்து டீய வாங்கிக்கிட்டு, "சீனி கூட இருக்கு பேச்சி, நல்லா இருக்கு"ன்னாக. எப்படி ஒண்ணுமே நடக்காத மாதிரி பேச முடியுது பாருங்க.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். அவுக போடாட்டி என்ன, நான் போடுறேன். பொண்டாட்டி கையெழுத்து செல்லுமான்னு கேக்கத்தான் இப்பப் போறேன். செல்லாதுன்னா, அவுக கையெழுத்தை நானே போட்டாக்கூட யாருக்குத் தெரியும்? இப்ப இடது கையில கோணல்மாணலாத்தான் போடுறாக. பேப்பர்ல வரட்டும். கோர்ட்டுல ஒவ்வொரு வரியா வாசிக்கட்டும். யாரு யாரால கெட்டான்னு ஊரே கேக்கட்டும், எனக்கென்ன பயம்? ஒளிக்க வேண்டியவளுக்குத்தான பயம்.

ஒரு கண்ணைக் குடுத்தாக, கையைக் குடுத்தாக, இப்ப நியாயத்தையும் அவளுக்காக விட்டுக் குடுக்குறாக. ஒரு ஆம்பளை இம்புட்டும் ஒருத்திக்காகச் செய்வான்னா அவ மேல எம்புட்டுப் பிரியம் இருக்கணும்? கூடவே கெடந்து சவரம் பண்ணிவிட்டுக்கிட்டு இருக்கேனே, எனக்காக இதுல பாதி செய்வாகளா? நீங்களும் கல்யாணமானவுகதான. மனசுல பட்டதைச் சொல்லுங்கம்மா.

என்னம்மா? எதுக்கு எங் கையைப் பிடிக்கிறீக? ஏன் இப்படிப் பாக்குறீக?

நீங்க... நீங்க அவளுக்கு ஏதும் சொந்தமா?